தண்ணீர், விளக்கு, இணையம்

தண்ணீரின் அருமையை டுரியான் துங்கால் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1991-ஆம் ஆண்டில் இங்குள்ள அணை வற்றியபோது, மலாக்கா மாநில மக்கள் வாளியும் குடமுமாகத் தவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அணை நம் ஊரில் இருந்தது. தாகமும் நம் ஊரிலேயே இருந்தது. ஒரு பொருள் பக்கத்தில் இருப்பது வேறு, அது பாட்டாளியின் கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை அந்த ஆண்டு நமக்கு நன்றாக உணர்த்திற்று.

இன்று இணையத்தின் கதையும் அவ்விதமே இருக்கிறது. மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் நமது டுரியான் துங்காலில்தான் அமைந்திருக்கிறது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து மின்னணுவும் கணினியும் பயில்கின்றனர். ஆனால் அதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை, அப்பாவின் ஒரே கைப்பேசியை அண்ணனோடும் தங்கையோடும் பங்கு போட்டுக்கொண்டு பள்ளிப் பாடம் செய்யவேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே இன்று தொழிலாளத் தோழர்களிடம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

தோட்டத்துக்குச் செய்தி வந்த வரலாறு நீண்டது. நம் பாட்டன்மார் ஊருக்கு ஒரு கடிதம் போட்டால், அது கப்பலேறிப் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். 1924-இல் தமிழ் நேசன் தொடங்கிற்று. 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு பிறந்தது. எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றியிருந்த பத்துப் பேர் கேட்டார்கள். 1946-இல் மலாயா வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. பெட்டி வைத்திருந்த வீட்டின் வாசலில் லயமே கூடி உட்கார்ந்தது. படித்தாலும் கேட்டாலும் பார்த்தாலும் ஜனங்கள் சேர்ந்தே செய்தார்கள். ஒரு செய்தி வந்தால் அதைப்பற்றி அங்கேயே விவாதம் நடக்கும். பொய்யாயிருந்தால் அங்கேயே யாராவது ஒருவர் மறுத்துப் பேசுவார்.

இணையம் அவ்விதமல்ல. அது ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக வந்து சேர்கிறது. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தகப்பன் பார்ப்பது மகனுக்குத் தெரியாது. மகள் படிப்பது தாய்க்குத் தெரியாது. இதுதான் இந்தப் புதிய சாதனம் நமது சமூகத்தில் ஏற்படுத்தியிருக்கும் முதற்பெரும் மாறுதல். இதனால் விளைந்த நன்மையும் தீமையும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலில் நன்மையைக் கூறுவோம். தோட்டத் துண்டாடல் காலந்தொட்டு நம் மக்கள் சிதறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ரப்பர் மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டு செம்பனை நடப்பட்டது. பல இடங்களில் தோட்டமே வீடமைப்புப் பகுதியாயிற்று. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று ஜொகூரிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களை மறுபடி ஒன்றுசேர்த்தது எது? கைப்பேசியிலுள்ள வாட்ஸ்அப் குழுதான். தோட்டம் போய்விட்டது, தோட்டத்தின் பெயரில் குழு இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு நன்கொடை திரட்டுவதும், பழைய வாத்தியார் காலமான செய்தியை ஒரு மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிவிப்பதும் இன்று அதன் மூலமே நடைபெறுகின்றன. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களும், மாலையானால் தம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நம் பாட்டன்மாருக்குக் கிட்டாத பாக்கியம் அது.

தமிழும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. கணினியில் தமிழ் எழுத்தை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். 1985-இல் அவர் உருவாக்கிய முரசு மென்பொருளும், 2005-இல் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் இல்லாமற்போயிருந்தால், நம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தமிழில் எழுதுவது இத்தனை எளிதாயிருக்காது. 2001-இல் உலகத் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில்தான் கூடிற்று.

பிழைப்புக்கும் இது உதவுகிறது. ரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் விலையைச் சிறுதோட்டக்காரர் தம் கைப்பேசியிலேயே பார்க்கலாம். முன்பு வியாபாரி சொன்னதே விலை. இன்று கட்டிப்பாலை எடைபோடுமுன், “இன்று வாரியம் அறிவித்த விலை இது” என்று சொல்ல நம்மவருக்கு வாய் இருக்கிறது. ஊழியர் சேமநிதியில் முதலாளி சந்தா கட்டினாரா, இல்லையா என்பதை அவரைக் கேளாமலே தெரிந்துகொள்ளலாம். அறிவு கைக்கு வந்தால் பயம் போகும். அந்த வகையில் இணையத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் வரவேற்றால் மட்டும் போதாது. அது எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்று கேட்கவேண்டியது தொழிலாளர் பத்திரிகையின் கடமை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. “வீட்டிலிருந்தே படியுங்கள்” என்று உத்தரவாயிற்று. அவ்வாண்டு கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் எடுத்த கணக்கில், நூற்றுக்கு 36.9 பங்கு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் கிடையாது என்று தெரியவந்தது. மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு மேல்! சாதனம் இருந்தவர்களிலும் பெரும்பாலாரிடம் இருந்தது கைப்பேசியே; கணினி வைத்திருந்தவர் சொற்பம். சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி பரீட்சை எழுத அலை கிடைக்கவேண்டி மரத்தின்மீது ஏறி இரவைக் கழித்த செய்தி அன்று நாடெங்கும் பேசப்பட்டது. அலைக்காக மேட்டில் நின்ற பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் உண்டு. அந்த இரண்டு ஆண்டுகளில் பின்தங்கிய பாடத்தை அவர்களுக்கு யார் திருப்பித் தரப்போகிறார்கள்?

அரசாங்கம் சும்மா இருந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. 2020-இல் ஜென்டேலா என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மக்கள் வாழும் பகுதிகளில் நூற்றுக்கு 96.9 பங்கு இடத்தை 2022 முடிவுக்குள் நான்காம் தலைமுறை அலை எட்டவேண்டும் என்பது அதன் குறி. நல்ல குறிதான். ஆனால் ஓர் இடத்துக்கு அலை எட்டிவிட்டது என்பதும், அங்குள்ள ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே வேளையில் படிக்கப் போதுமான இணைப்பு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அதற்கு வீட்டுக்கே கம்பி வரவேண்டும். தோட்ட நிலமோ தனியார் நிலம். தூண் நடவும் கம்பி இழுக்கவும் நிர்வாகம் அனுமதி கொடுத்தாகவேண்டும். சாலையோரத்துத் தாமானுக்கு வந்த கம்பி, தோட்டத்து வேலியோடு நின்றுவிடுமானால் அது யார் குற்றம்?

செலவையும் பார்ப்போம். 2023-இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று அரசாங்கம் அறிவித்த ஒற்றுமைத் திட்டத்தில், வீட்டு இணைப்புக்கு மாதம் 69 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, சலுகை விலையிலும் இணைப்புக்கு மட்டும் ஒரு நாள் கூலிக்குமேல் போய்விடுகிறது. மழை பெய்து வெட்டு நின்றுபோன மாதத்தில் வீட்டுக்காரம்மா எதைக் குறைப்பார்? அரிசியையா, இணையத்தையா?

இதனால்தான் நாம் ஒரு கேள்வியை எழுப்புகிறோம். தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும், மின்விளக்கு வேண்டும் என்பதெல்லாம் தானாகவா வந்தது? ஒரு காலத்தில் அவையும் முதலாளிமாரின் தயவென்றே எண்ணப்பட்டன. போராட்டமும் பேச்சுவார்த்தையும் நடந்து, 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990-இல் அதனினும் விரிவான 446-ஆம் சட்டம் வந்தது. குழாய்த் தண்ணீர், மின்சாரம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, சமூக மண்டபம் யாவும் சட்டத்தில் இடம்பெற்றன. பிள்ளையின் பாடமும், உதவித் தொகை விண்ணப்பமும், சேமநிதிக் கணக்கும் இணையத்துக்குள் போய்விட்ட இக்காலத்தில், அந்தப் பட்டியலில் இணையத்தையும் சேர்க்கவேண்டாமா?

இது ஆகாத காரியம் என்று யாரும் சொல்லமுடியாது. பின்லாந்து நாடு 2010 ஜூலை முதல் குடிமக்கள் யாவருக்கும் அகன்ற அலை இணைப்பைச் சட்டப்படியான உரிமையாக்கியது. பக்கத்தில் பார்த்தால், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையைச் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அம்மாநில அரசாங்கமே 2023-இல் சொந்தக் கண்ணாடி இழை வலையைத் தொடங்கி, இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு கொடுப்பதாக அறிவித்தது. நம் நாட்டில் பணம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தம் வருமானக் கணக்கில் நூற்றுக்கு 6 பங்கை அனைவர்க்கும் சேவை நிதி என்று கட்டவேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. வசதியற்ற இடங்களுக்கு இணைப்புக் கொடுப்பதே அந்த நிதியின் நோக்கம். அந்த நிதியில் தோட்டத்து லயத்துக்கும் பங்கு உண்டு என்பதை நாம் வற்புறுத்துகிறோம்.

இனி, தீமையைப் பற்றியும் ஒளிக்காமல் பேசவேண்டும்.

2024 ஜூலையில் கோலாலம்பூரில், டிக்டாக் மூலம் பலருக்கும் அறிமுகமாயிருந்த ஒரு தமிழ்ப் பெண், தம்மீது பொழியப்பட்ட ஏச்சையும் மிரட்டலையும் பற்றிப் போலீசில் புகார் செய்தார். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களும் நம் சமூகத்தாரே. அவர்களுள் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அதற்குமேல் இடமில்லை! நாடே கொதித்தெழுந்த பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, இணைய வதை குற்றமென்று 2025-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேர் கேவலமாய்ப் பேசுவதை நாற்பதாயிரம் பேர் இரவெல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் மனப்பான்மையை எந்தச் சட்டம் திருத்தும்? முன்பு குழாயடியில் வம்பு பேசினால் பெரியவர் ஒருவர் வந்து அதட்டுவார். இந்தப் புதிய குழாயடியில் அதட்டப் பெரியவர் இல்லை. அந்தப் பெரியவராக நாம் ஒவ்வொருவரும் மாறவேண்டும். அத்தகைய படத்தைத் திறக்காமலும் பிறருக்கு அனுப்பாமலும் இருப்பதே அதன் முதற்படி.

மோசடியோ தினசரிக் கதையாகிவிட்டது. போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். வெளிநாட்டில் கை நிறையச் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய், மோசடிக் கும்பல்களிடம் அடிமைப்பட்ட மலேசிய இளைஞர்களின் கதை 2022 முதல் வெளிவந்தது. நம் முன்னோரை ஆசை காட்டிக் கப்பலேற்றிய ஆள்பிடிகாரன் இன்று கைப்பேசிக்குள் குடியிருக்கிறான் என்றே சொல்லவேண்டும். பணம் போய்விட்டதென்று தெரிந்தவுடனே 997 என்ற எண்ணுக்குக் கூப்பிடவேண்டும். 2022 அக்டோபரில் அரசாங்கம் ஏற்படுத்திய தேசிய மோசடித் தடுப்பு நிலையத்தின் எண் அது. வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே லாபம்.

சூதாட்டத்தையும் வட்டிக்கடனையும் சொல்லவே வேண்டாம். முன்பு சூதாட நாலு பேர் வேண்டும், மறைவான இடம் வேண்டும். இப்பொழுது படுத்த பாயிலேயே ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைக்கலாம்; மனைவிக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும்.

இவற்றைக் கண்டு, “இந்த இணையமே வேண்டாம், பிள்ளைகள் கெடுகிறார்கள்” என்று சில பெற்றோர்கள் கூறுகிறார்கள். அவர்களுடைய வேதனை நமக்குப் புரிகிறது. ஆயினும் நமது சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. தோட்டத்துக்குப் பத்திரிகை வந்த அதே செம்மண் சாலையில்தான் கள்ளுப் பீப்பாயும் வந்தது. அதற்காகச் சாலையை அடைக்கவேண்டுமென்று நம்மவர் கேட்கவில்லை. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடையை எதிர்த்து மறியல் செய்தார்கள். அதற்காக அடியும் உதையும் சிறையும் ஏற்றார்கள். சாலை வேண்டும், கள் வேண்டாம் என்று பிரித்தறிந்தவர்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டாளிகளுக்கு இருந்த விவேகம், பட்டம் பெற்ற பிள்ளைகளையுடைய நமக்கு இல்லாமற்போகலாமா?

இன்னொரு விஷயமும் உண்டு. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன நம் பிள்ளைகளில் பலர் இன்று மோட்டார் சைக்கிளில் உணவும் பொட்டலமும் கொண்டு கொடுக்கிறார்கள். அவர்களுக்கு முதலாளியின் முகம் தெரியாது. எந்த வேலை யாருக்கு, எவ்வளவு கூலி என்பதைக் கைப்பேசியிலுள்ள செயலியே தீர்மானிக்கிறது. கங்காணியிடமாவது வாதாடலாம், செயலியிடம் யார் வாதாடுவது? 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதா, இவர்களுக்கும் பாதுகாப்பும் முறையிட வழியும் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது நல்ல ஆரம்பம். நாளை பிரட்டுக் களத்து வருகைப் பதிவும் பால் எடையும் செயலிக்குள் போகும்போது, அந்தக் கணக்கின் பிரதி தொழிலாளியின் கைக்கும் வரவேண்டும் என்று இன்றே நாம் கேட்டு வைக்கவேண்டும்.

இவ்விடத்தில் கிராணிமாருக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் தோட்டத்து ஜனங்களுக்குக் கடிதம் எழுதியும் படித்தும் கொடுத்தவர்கள் உங்கள் முன்னோர். இன்று ரஹ்மா உதவித் தொகைக்கும் சேமநிதிக்கும் விண்ணப்பம் போடத் தெரியாதவர்கள் உங்களிடமே வருகிறார்கள். நீங்களே போட்டுக் கொடுப்பது உதவி. அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்துப் போடக் கற்றுக்கொடுப்பது அதனினும் பெரிய உதவி. ஒருவருடைய இரகசியச் சொல்லை இன்னொருவர் வைத்திருக்கும் பழக்கம் எவ்வளவு நல்ல மனதோடு தொடங்கினாலும் ஆபத்தில் முடியும்.

ஆகவே, நாம் கேட்பது இவைதாம். தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தில் தண்ணீர், மின்சாரத்தோடு இணைய இணைப்பும் சேர்க்கப்படவேண்டும். தோட்டத்துக்குள் கம்பி வர நிர்வாகங்கள் தடையின்றி அனுமதி தரவேண்டும். சங்கம் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டும். ‘நாடி’ என்ற பெயரில் அரசாங்கம் நடத்தும் இணைய நிலையங்களில் நம் மொழியிலும் பயிற்சி நடைபெறவேண்டும்; டுரியான் துங்கால் வட்டாரப் பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறையில் வந்து கற்றுக்கொடுக்க முன்வந்தால் நாம் இரு கரம் நீட்டி வரவேற்போம். கிளைக் கூட்டங்களில் மாதம் ஒரு முறையாவது அரைமணி நேரம் ஒதுக்கி, அம்மாதம் வந்த புதுவகை மோசடி எது, பொய்ச் செய்தி எது என்று வெளிப்படையாகப் பேசவேண்டும். தாய்மாரும் இளம் பெண்களும் அக்கூட்டத்துக்கு அவசியம் வரவேண்டும்.

கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் நாம் அதையே முக்கியமாகக் கருதுகிறோம். தனித்தனியாக வரும் பொய்யை வெல்ல ஒரே வழி, சேர்ந்து உட்கார்ந்து பேசுவதுதான். 1967-இல் இதே மலாக்கா மாநிலத்தின் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே சென்றார்கள். அவர்கள் கையில் கைப்பேசி இல்லை. ஆயினும் ஒருவர் நடையை மற்றவர் கண்டார். ஒருவர் களைத்தபோது மற்றவர் தாங்கினார். அந்த ஒற்றுமையை எந்தக் கம்பியும் நமக்குக் கொண்டுவந்து தராது. அது நம்மிடம் இருந்தால், வரும் கம்பி நமக்கு ஊழியம் செய்யும். இல்லாவிட்டால் நாம் அதற்கு ஊழியம் செய்வோம்.

தண்ணீரைக் கேட்டுப் பெற்றோம். விளக்கைக் கேட்டுப் பெற்றோம். இணையத்தையும் கேட்டுப் பெறுவோம். பெற்றதை அறிவோடு ஆள்வோம். தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம்.